ஆடுகளமும் மறுவாழ்வே: பதக்க மேடைக்கு அப்பால் நிற்கும் உடல்கள்

2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா 29 பதக்கங்களை வென்றது. அவற்றுள் நான்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் வென்றவை. இறகுப்பந்தில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், ஓசூரின் நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் பெற்றனர். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார். 2016இல் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி என்று தொடங்கிய அவரது கணக்கில் அது மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம். நால்வருக்கும் சேர்த்து 5 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக வழங்கியது. அது அவர்கள் உழைப்புக்கு உரிய மதிப்பு; நாம் அதனை வரவேற்கிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மாரியப்பனின் வலது காலைப் பேருந்து நசுக்கியபோது அவருக்கு ஐந்து வயது. அவர் தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். அந்த வயதிலிருந்து ரியோ வரையிலான ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளில் அவரை ஆடுகளத்துக்கு அழைத்துவந்தது எந்தத் திட்டமும் அன்று. ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் கண்ணில் அவர் பட்டார். பின்னர் ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். எவர் கண்ணிலும் படாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பதக்கம் வென்றிருப்பார்களா என்பது நம் கவலை அன்று. விபத்திலோ நோயிலோ வன்முறையிலோ உடல் சிதைந்தவர் மீண்டு எழுவதற்கு விளையாட்டு ஒரு வழி என்னும்போது, அவ்வழி யாருக்குத் திறக்கிறது, யாருக்கு அடைக்கப்படுகிறது என்பதையே நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

மருந்தாகப் பிறந்த விளையாட்டு

பாராலிம்பிக்கின் தொடக்கம் விளையாட்டரங்கில் அன்று, மருத்துவமனையில் நிகழ்ந்தது. யூதர் என்பதனால் நாஜி ஜெர்மனியில் வாழ இயலாமல் 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பிவந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுக் காயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். முதுகுத்தண்டு முறிந்தவர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறந்துவிடுவார் என்பதே அக்காலத்தின் பொது எண்ணம். குட்மன் நோயாளிகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடச் செய்தார், உட்காரவைத்தார், பின்பு கையில் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியை மருத்துவமனை வளாகத்தில் நடத்தினார். அப்போட்டியே வளர்ந்து 1960இல் ரோமில் முதல் பாராலிம்பிக் ஆயிற்று.

விளையாட்டு என்ன செய்கிறது? கால்கள் செயலிழந்தவருக்குத் தோள்களும் கைகளுமே இனிக் கால்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், உட்கார்ந்தபடியே உடலை அவ்வப்போது தூக்கி அழுத்தத்தைக் குறைப்பதும், உடற்பகுதியைச் சாயாமல் நிறுத்துவதும் அன்றாடத் தேவைகள். இவற்றுக்கான வலுவைப் பிசியோதெரபி தருகிறது. ஆனால் ஒரே அசைவை நாள்தோறும் நூறுமுறை செய்வது சலிப்பு. வீடு திரும்பியபின் பலர் அதைக் கைவிடுகின்றனர். அதே அசைவு பந்தை எறிவதாக, நாற்காலியை விரைந்து திருப்புவதாக, நீரில் கையை வீசுவதாக மாறும்போது உடல் அலுப்பை மறக்கிறது. அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. வடிகுழாயை எப்படிக் கையாள்வது, பேருந்தில் எப்படி ஏறுவது, வேலை கேட்டு எங்கே போவது என்பனவற்றை ஆடுகளத்தில் தன்னைப் போன்ற இன்னொருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார். எந்த மருத்துவரும் கற்றுத்தர இயலாத பாடம் அது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1954இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் அங்கு உருவான மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் விளைவு. அங்கு முன்னாள் நோயாளிகள் ஒன்றுகூடும் 'ரீஹாப் மேளா'வில் விளையாட்டுப் போட்டிகளும் ஓர் அங்கம். சென்னையில் வங்கி அதிகாரியாகப் பணியாற்றிய, போலியோவால் பாதிக்கப்பட்ட மாதவி லதா, தம் உடலைக் காத்துக்கொள்ள நீரில் இறங்கியவர்; பின்னர் நீச்சல் வீராங்கனையானார். தமிழ்நாட்டுப் பாராலிம்பிக் நீச்சல் சங்கத்தையும், இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பையும் கட்டியெழுப்பியவர் அவரே.

எந்த உடலுக்கு மரியாதை?

குட்மனின் நோயாளிகளில் பெரும்பாலோர் போரில் காயமுற்ற வீரர்கள். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை 1972இல் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் வென்ற முரளிகாந்த் பேட்கரும் 1965 போரில் குண்டடிபட்ட படைவீரரே. அவர் சிகிச்சையின் பகுதியாகவே நீந்தத் தொடங்கினார். முதுகுத்தண்டு முறிந்த படைவீரர்களுக்காகப் புனேவின் கட்கியில் 1974 முதல் தனி மறுவாழ்வு மையம் இயங்கிவருகிறது. அங்கு விளையாட்டு வாழ்வின் பகுதி. இது நியாயமானது. நாட்டுக்காக உடலைக் கொடுத்தவரை நாடு தாங்குகிறது.

அப்படியானால் கட்டடத்துக்காக உடலைக் கொடுத்தவரை யார் தாங்குவது? இந்தியாவில் முதுகுத்தண்டுக் காயங்களுக்கு முதன்மைக் காரணங்கள் உயரத்திலிருந்து விழுதலும் சாலை விபத்துகளும். சாரத்தின்மேல் நிற்பவர், பனையும் தென்னையும் ஏறுபவர், சுமைவண்டியின் பின்புறம் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவர் யார் என்பதை இந்நாட்டின் சாதியமைப்பு முன்கூட்டியே பெரிதும் தீர்மானித்துவைத்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். மொத்த மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாத பிறரிடையே 2.18 விழுக்காடு. இடைவெளி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது பிறவியில் வந்த வேறுபாடு அன்று. ஊட்டமின்மையும், எட்டாத மருத்துவமும், ஆபத்தான தொழிலும் உடலில் எழுதிய கணக்கு அது.

இவற்றோடு நேரடியான சாதி வன்முறையும் சேர்கிறது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், பதினோராம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தபோது வழிமறித்து வெட்டப்பட்டார். அவருடைய இடக்கை விரல்கள் துண்டிக்கப்பட்டன. கபடிப் போட்டியில் அவர் அணி ஆதிக்கச் சாதியினரின் அணியை வென்றதே காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். அரசு மருத்துவமனை மருத்துவர்கள் விரல்களை மீண்டும் பொருத்தினர். விளையாடியதற்காகவே ஒரு தலித் உடல் சிதைக்கப்படும் நாட்டில், சிதைந்த உடலை விளையாட்டால் மீட்பது குறித்துப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேச இயலாது.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பார்வை

இவ்வளவையும் சென்னையின் ஒரு பகுதியில் வைத்துப் பார்ப்போம். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்துக்கும், ஆரியகவுடா சாலைக் கடைகளுக்கும், 1953இல் எம்.சி. சுப்பிரமணியம் தொடங்கிய பப்ளிக் ஹெல்த் சென்டருக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கிருந்து அசோக் நகரைக் கடந்தால் கே.கே. நகர், அங்கே செயற்கை உறுப்புகளும் காலிப்பர்களும் செய்துதரும் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அடையாற்றுப் பக்கம் சென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம்; நின்றபடி இயங்கும் சக்கர நாற்காலியையும், ஆளின் அளவுக்கேற்ப வடிவமைக்கப்படும் 'நியோஃபிளை' நாற்காலியையும் உருவாக்கிய இடம் அது. மருத்துவம், தொழில்நுட்பம், மாநகராட்சித் திடல்கள் எல்லாமே சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கின்றன.

இப்பகுதியின் பழைய வீடுகள் அடுக்ககங்களாக மாறிவருகின்றன. அவற்றுக்குச் சாரம் கட்டுபவரும், வண்ணம் பூசுபவரும் பெரும்பாலும் இங்கே குடியிருப்பவர் அல்லர். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த வண்ணம்பூசும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை கிடைக்கலாம். புனர்வாழ்வு நிலையத்தில் சில வாரப் பயிற்சி கிடைக்கலாம். பின்பு அவர் வீடு திரும்ப வேண்டும். அந்த வீடு, நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கலாம். மருத்துவமனை கொடுத்த நாற்காலி எடை மிகுந்தது. படியிறங்க நான்கு பேர் வேண்டும். முதுகுத்தண்டு பாதித்தோருக்கு அரசு வழங்கும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். 2020இல் அறிமுகமானபோது நியோஃபிளை நாற்காலியின் விலை ஏறத்தாழ 40,000 ரூபாய். அதில் இணைக்கும் மோட்டார் வண்டி 55,000 ரூபாய். ஐ.ஐ.டி.யின் கண்டுபிடிப்புக்கும் கண்ணகி நகரின் மூன்றாம் மாடிக்கும் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

திறமைக்குப் பஞ்சமில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த கார்த்திகா, அதே கண்ணகி நகரின் பெண். அங்கே ஆடுவதற்கு ஆள் இருக்கிறார்கள். இறங்கிவர வழியும், ஆடுவதற்குத் தளமும், கற்பிக்க ஆளும்தான் வேண்டும்.

செலவழிக்கப் பணமில்லை என்னும் பதிலை நாம் ஏற்க இயலாது. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 28.45 கோடி ரூபாயில் மின்தூக்கி வசதியோடு திறக்கப்பட்டது. 2022 நவம்பரில் மெரினாவில் 1.14 கோடி ரூபாயில் சக்கர நாற்காலிகளுக்கான மரப்பாதை அமைந்தது. உரிமைப் போராளிகள் நீதிமன்றம் சென்றதன் பின்னணியில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைகளுக்கு மீண்டும் வந்தன. 2025 ஜூனில் 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் சேர்ந்தன. கேட்டால், போராடினால், வடிவமைக்க முடிகிறது. கடைவீதிக்கும் கடற்கரைக்கும் முடிந்தது விளையாட்டுத் திடலுக்கு முடியாதா?

திடல்களின் நிலை என்ன என்பதற்கு 2024 அக்டோபர் ஓர் எச்சரிக்கை. செயற்கைப் புல்தரை கொண்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கச் சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் தீர்மானம் கைவிடப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் முதலில் வெளியேற்றப்பட்டிருப்பவர்கள் சேரிச் சிறுவர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வாசல் திறந்ததே இல்லை; ஆகவே அவரை வெளியேற்ற வேண்டிய தேவைகூட எழுந்திராது. பொதுக்குளத்தில் நீரெடுக்கும் உரிமைக்காக 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் நடத்திய போராட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குளம் பொதுவென்றால் எல்லோருக்கும் பொது. திடலும் அவ்வாறே.

சட்டத்தில் விழுந்த இடைவெளி

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முற்போக்கானது. அதன் 30ஆம் பிரிவு, விளையாட்டில் பங்கேற்கும் உரிமையை ஏற்று, அரங்குகளை மறுவடிவமைக்கவும் நிதி ஒதுக்கவும் அரசைக் கடமைப்படுத்துகிறது. 27ஆம் பிரிவு மறுவாழ்வைப் பற்றியது. அப்பிரிவு உடல்நலம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகிய துறைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; விளையாட்டைக் குறிப்பிடவில்லை. அதுவும் அரசின் 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்னும் நிபந்தனையோடு வருகிறது.

இப்பிரிவினையின் விளைவை நாம் கண்முன்னே காண்கிறோம். மறுவாழ்வு சுகாதாரத் துறையிடமும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடமும் இருக்கிறது. விளையாட்டு, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. திடல் மாநகராட்சியிடம் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரைத் திடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை எவருடையது என்று சட்டம் சொல்லவில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே ஆடக் கற்றவருக்கு. ஆடத் தொடங்குவதற்கான இடமே இங்கு விடுபட்டிருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். வன்கொடுமையால் உடல் ஊனமுற்றவருக்கு, விதிகளின்படி, முழு ஊனத்துக்கு 8.25 லட்சம் ரூபாயும், 50 விழுக்காட்டுக்கு மேற்பட்டதற்கு 4.5 லட்சம் ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 2.5 லட்சம் ரூபாயும் நிவாரணம். சட்டத்தின் 15ஏ(6) பிரிவு, பாதிக்கப்பட்டவரின் சமூக, பொருளாதார மறுவாழ்வையும் உறுதிசெய்யச் சொல்கிறது. நடைமுறையில் மறுவாழ்வு என்பது காசோலையோடு முடிந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட கையோடு உயிர்தப்பிய மாணவருக்கு நிவாரணம் கிடைப்பதோடு, அவர் கை மீண்டும் இயங்கவும், அவர் அச்சமின்றி ஆடுகளம் திரும்பவும் வழிசெய்வதே அப்பிரிவின் பொருளாக இருக்க வேண்டும்.

பதினான்கு புள்ளி சொல்லும் நீதி

கல்லூரி வளாகங்களில் இடஒதுக்கீட்டைப் பற்றி வாதிடும் தோழர்கள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தின் ஒரு விதியை அறிந்திருப்பது நல்லது. அவ்விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் உடலியக்கத்தின் அளவைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. இயக்கம் குறைந்தவருக்குப் புள்ளி குறைவு. களத்தில் நிற்கும் ஐவரின் மொத்தப் புள்ளி 14ஐத் தாண்டக்கூடாது. இயக்கம் மிகுந்த ஐந்து பேரை மட்டும் இறக்கினால் கூட்டல் 22.5 ஆகிவிடும், விதி அதை அனுமதிக்காது. ஆகவே இயக்கம் குறைந்தவர் இல்லாமல் எந்த அணியும் ஆட முடியாது. அவரைப் பயிற்றுவிக்காத அணி வெல்லவும் முடியாது.

இதனால் ஆட்டத்தின் தரம் தாழ்ந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. தொடக்கநிலை வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதே போட்டியை நியாயமாக்குகிறது என்பதை அவ்வுலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'தகுதி' என்ற சொல்லை ஓயாமல் உச்சரிப்போர், பாரா வீரர்களின் வெற்றிக்குக் கைதட்டும்போது இந்த அடிப்படைக்கும் சேர்த்தே கைதட்டுகிறார்கள் என்பதை நாம் நினைவூட்ட வேண்டும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 'ஊனமுற்றோர்' என்ற சொல் நீங்கி 'மாற்றுத்திறனாளி' வந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் 'ஹரிஜன்' என்ற பெயரைப் பெற்ற மக்களாகிய நமக்கு, கௌரவமான பெயர் ஒன்றை வழங்கிவிட்டு நிலத்தையும் நீரையும் மறுக்கும் தந்திரம் புதிதன்று. பெயர் மாறியபின் படிக்கட்டும் மாறவேண்டும்.

சோறில்லாதவருக்கு விளையாட்டா என்று கேட்போர் உண்டு. படுக்கைப்புண்ணாலும் தொற்றாலும் மீண்டும் மீண்டும் மருத்துவமனை செல்லும் ஏழைக் குடும்பம் எஞ்சிய சோற்றையும் இழக்கிறது. உடல் வலுப்பெறுவது சோற்றுக்கான வழியே. அதேபோது, விளையாட்டு எல்லாவற்றுக்கும் மாற்று என்றும் நாம் கூறவில்லை. வடிகுழாயும், நல்ல நாற்காலியும், வலிக்கான சிகிச்சையும் இல்லாதவரிடம் பந்தைக் கொடுப்பது கேலி. தவறான நாற்காலியில் ஆடினால் தோள்மூட்டு கெடும். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை தேவை. பதக்கம் வெல்லாதவர் சோம்பேறி என்னும் புதிய இழிவையும் விளையாட்டின் பெயரால் சுமத்திவிடக்கூடாது.

நாம் கேட்பவை

முதலாவது, கே.கே. நகர் போன்ற அரசு புனர்வாழ்வு நிலையங்களில் விளையாட்டுப் பயிற்றுநர் பணியிடங்கள் வேண்டும். வீடு திரும்புவோரின் சிகிச்சைக் குறிப்பில், அருகிலுள்ள திடலும் பயிற்சி நாளும் எழுதப்பட வேண்டும். உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள் இந்த இணைப்பை மேற்கொள்ளலாம்.

இரண்டாவது, சென்னை மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு திடலாவது சாய்தளம், ஏற்ற கழிப்பறை, சமதளம் ஆகியவற்றோடு கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். விளையாட்டுச் சக்கர நாற்காலிகளைத் தனிநபர் வாங்க வேண்டியதில்லை. வலையையும் பந்தையும் போலத் திடலிலேயே பொதுவில் வைக்கலாம். முதல் திடல்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் அமைய வேண்டும். 2024ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் இதற்கு நிதி ஒதுக்க முடியும்.

மூன்றாவது, வன்கொடுமையால் ஊனமுற்றோருக்கான நிவாரணத்தில் உடலியக்க மறுவாழ்வும் விளையாட்டுப் பயிற்சியும் செலவினமாகச் சேர்க்கப்பட வேண்டும்.

நான்காவது, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்பட இருக்கிறது. சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளும் சாதிவாரியாகப் பதிவாகி வெளியிடப்பட வேண்டும். 2011இல் எட்டு வகைகளே கேட்கப்பட்டன.

ஐந்தாவது, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. அந்த இடங்களில் தலித்துகளுக்கும், குறிப்பாகத் தலித் பெண்களுக்கும், உரிய பங்கு வேண்டும். திடலின் வாசலில் படியா சாய்தளமா என்று முடிவெடுக்கும் அவையில் படியேற முடியாதவர் இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. இனிச் சட்டம் இல்லை என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. ஆகவே மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இவ்வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தத்தம் கல்லூரியின் விளையாட்டுத் திடலுக்கும், தத்தம் வட்டத்தின் மாநகராட்சித் திடலுக்கும் சென்று, சக்கர நாற்காலியில் ஒருவர் வாசலிலிருந்து ஆடுகளம் வரை, அங்கிருந்து கழிப்பறை வரை தாமே செல்ல முடியுமா என்று அளந்து எழுதுங்கள். முடியாதெனில், ஏன் முடியாது, எப்போது முடியும், எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். வரும் பதில்களை ஒன்றாகத் தொகுத்தால் அதுவே நம் அடுத்த வழக்குக்கான மனுவாகும்.